பழைய எலும்பு, புதுத் துணி

ரிங்கர் பக்கின் 'ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ்' நூலை முன்வைத்து

1

'ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ்' புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "ரெண்டு பசங்க ஒரு பழைய விமானத்துல அமெரிக்காவைக் குறுக்கால தாண்டுன கதை." தப்பில்லை, கதை அதுதான். 1966 கோடையில் நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியா வரைக்கும் பறந்தார்கள். அண்ணன் கெர்னுக்கு வயது 17, தம்பி ரிங்கருக்கு 15. விமானம் ஒரு பைப்பர் கப். அதில் ரேடியோ கிடையாது. வரைபடம், திசைகாட்டி, கீழே தெரியும் தண்டவாளம், ஆறு, நெடுஞ்சாலை, இவ்வளவுதான் வழிகாட்டி. முப்பது வருடம் கழித்து, 1997ல், தம்பி அதைப் புத்தகமாக எழுதினார்.

அந்த ஒரு வரிச் சிபாரிசில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. பறப்பதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த விமானத்தை எலும்பு தெரிகிற வரைக்கும் உரித்து, திரும்பக் கட்டினார்கள். புத்தகம் அதை ஒரு முன்கதை மாதிரிதான் நடத்துகிறது. எப்படா மேலே கிளம்புவோம் என்கிற அவசரம் அந்தப் பக்கங்களிலேயே தெரியும். என் கட்சி வேறு. இந்தப் புத்தகத்தின் உயிர் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. மலைக் கணவாயும் பாலைவனமும் பத்திரிகைக்காரர்களும் அப்புறம் வந்து சேர்ந்தவை.

இதை நிரூபிக்க வேண்டுமானால் முதலில் கொட்டகைக்குள் என்ன வேலை நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாங்க.

2

பைப்பர் கப் என்பது பென்சில்வேனியாவில் லாக் ஹேவன் என்கிற சின்ன ஊரில் செய்யப்பட்ட விமானம். அதில் பிரபலமான ஜே-3 வகை மட்டும் 1938க்கும் 1947க்கும் நடுவில் கிட்டத்தட்ட 20,000 வெளிவந்தது. ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் இரண்டு இருக்கை. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதன் மேல் துணி. ஆமாம், துணிதான். பருத்தித் துணி.

அந்தக் காலத்துப் பழைய கப்பைப் புதுப்பிப்பது என்றால் முதல் வேலை அந்தத் துணியைக் கத்தியால் கீறி உரிப்பது. உரித்ததும் கூடு மட்டும் நிற்கும். குழாய்களில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால் சக்கரம் உள்ள விமானம் தரையில் நிற்கும்போது வால்பக்கம் தாழ்ந்திருக்கும், ஈரமெல்லாம் அங்கேதான் இறங்கும், அதனால் வாலுக்குக் கிட்டே இருக்கிற அடிக்குழாய்களைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். துரு ஏறிய குழாயை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

அப்புறம் புதுத் துணி. போர்த்தி, தண்ணீரில் நனைத்துச் சுருங்க விட்டு, 'டோப்' என்கிற பூச்சைப் பூச வேண்டும். பூச்சு காயக் காயத் துணி முரசுத் தோல் மாதிரி விறைக்கும். இறக்கையின் ஒவ்வொரு விலாவோடும் துணியை மெழுகு நூலால் சேர்த்துத் தைக்க வேண்டும், சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. அந்தத் தையல் விட்டுப்போனால் பறக்கும்போது மேல்பக்கத்துத் துணி இறக்கையை விட்டு உப்பும். திரும்ப டோப், உப்புத்தாள் தேய்ப்பு, திரும்ப டோப். நடுவில் அலுமினியத் தூள் கலந்த பூச்சு, வெயில் துணியைத் தின்னாமல் இருக்க. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துக் கெட்டுப்போகும். நைட்ரேட் டோப் என்றால் ஒரு பொறி போதும், கொட்டகையே எரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அந்தத் துணிக்கு ஆயுள் கெட்டி கிடையாது. புதுத் துணிக்கு விதித்த வலிமையில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சோதனையில் தோற்றதாகக் கணக்கு, உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது பருத்திக்குப் பதில் பாலியெஸ்டர் வந்துவிட்டது. அதை இஸ்திரிப்பெட்டி வைத்துச் சூடு காட்டிச் சுருக்குகிறார்கள், ரொம்ப வருடம் தாங்குகிறது. தையல் வேலை அப்படியே பாக்கி.

இப்போது யோசித்துப் பாருங்கள். 17 வயசுப் பையனும் 15 வயசுப் பையனும், அதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தே வராதவர்கள், ஒரு குளிர்காலம் முழுக்க இந்த வேலையை ஒன்றாகச் செய்கிறார்கள். கெர்ன் அமைதி, பொறுப்பு, கொஞ்சம் கூச்சம். ரிங்கர் வாயாடி, பள்ளிக்கூடத்தில் வம்பு. ஒருத்தன் இறக்கையின் இந்தப் பக்கம் ஊசியைக் குத்தினால் இன்னொருத்தன் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். ரிப் ஸ்டிட்ச் என்கிற அந்தத் தையலுக்கு இரண்டு ஆள் இருந்தால்தான் வசதி. இந்தச் சகோதரர்களுக்கு இடையில் பாசம் எப்போது உருவானது என்று கேட்டால் ரிங்கர் அந்தப் பயணத்தைக் காட்டுகிறார். எனக்கு அது அந்த ஊசி போய் வந்த நேரத்தில் நடந்ததாகத்தான் தோன்றுகிறது.

3

இந்தக் கதையில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அப்பா டாம் பக். பழைய விமானி. ஊர் ஊராகப் போய், வயல்வெளியில் இறங்கி, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்களே, அந்தக் கூட்டத்து ஆள். 1946ல் ஒரு விமான விபத்தில் ஒரு காலை இழந்தார். பிறகு பத்திரிகை வேலை, பதினோரு பிள்ளைகள், வாயைத் திறந்தால் பழைய வீரக் கதைகள்.

பிள்ளைகளுக்கு அவர் ஒரே நேரத்தில் ஹீரோவும் தொல்லையும். கிளம்பும்போது ஒரு கட்டளை போடுகிறார்: பாலைவனத்தைத் தாண்டுவதற்கு வெளியே கட்டித் தொங்கவிடும் தண்ணீர்ப் பை ஒன்று கட்டாயம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது அவர் காலத்துப் பொருள். 1966ல் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. புத்தகத்தில் இது திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவை, படிக்கும்போது சிரிப்பும் வருகிறது. ரிங்கர் அதைச் சிரிப்போடு விட்டுவிடுகிறார்.

நான் விட விரும்பவில்லை. பழைய விமானத்தை மேம்படுத்துவது என்றால் பொதுவாக இல்லாத புதுச் சாமான் எதையாவது சேர்ப்போம். ரேடியோ சேர்க்கலாம், நல்ல திசைகாட்டி சேர்க்கலாம். இந்த அப்பா சேர்க்கச் சொல்வது இன்னும் பழைய சாமான். பிள்ளைகள் கட்டிய விமானத்தில் தன்னுடைய முப்பதுகளை மாட்டப் பார்க்கிறார். பிள்ளைகளுக்குத் தங்கள் பயணம் வேண்டும், அப்பாவுக்குத் தன் பயணத்தின் மறுபதிப்பு வேண்டும். இந்தப் புத்தகத்தின் நிஜமான சண்டை இதுதான். அந்த விமானத்தின் பதிவெண்ணில் கடைசி எழுத்துகளை வைத்து '71-ஹோட்டல்' என்று கூப்பிடுகிறார்கள். அது யாருடைய விமானம்? விடை தெரியாமல்தான் மூன்று பேரும் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள்.

சட்டம் இங்கே ஒரு வேடிக்கையான உதவி செய்கிறது. அமெரிக்காவில் 16 வயதுக்கு முன்னால் விமானத்தைத் தனியாக ஓட்ட முடியாது, 17 ஆனால்தான் தனியார் விமானி உரிமம். அதனால் கெர்ன் விமானி, ரிங்கர் வரைபடம் பார்க்கிறவன். தகப்பனுக்கு எதிராகத் திமிறுகிறவன் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பார்த்தவன்தான் பிறகு எழுதினான்.

4

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. என்ன வேலை செய்யப்பட்டது, எந்தத் தேதியில், யார் கையெழுத்து, அவருடைய உரிம எண் என்ன. சட்டம் கேட்பது இவ்வளவுதான். அதில் 'நான்' கிடையாது, உரிச்சொல் கிடையாது, அப்பா கிடையாது. பயம் கிடையாது. ஆனால் அதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் ஜவாப்தாரி. தப்பாக எழுதினால் உரிமம் போகும், அதைவிட மோசம், ஆள் போவார்.

71-ஹோட்டலுக்கு அப்படிப் பார்த்தால் இரண்டு பிரதிகள். ஒன்று பதிவேடு, இன்னொன்று இந்த நினைவுக்குறிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நினைவுக்குறிப்பு என்கிற வகையின் பலவீனம் சட்டென்று தெரிகிறது. புத்தகம் முழுக்க உரையாடல். மேற்கோள் குறிக்குள், முழு வாக்கியமாக, பஞ்ச் டயலாக்கோடு. முப்பது வருடம் முன்னால் பேசியது வார்த்தைக்கு வார்த்தை எப்படி ஞாபகம் இருக்கும்? அதுவும் கப் விமானத்துக்குள் இஞ்சின் இரைச்சலில் முன்னால் இருக்கிறவர் பின்னால் திரும்பிக் கத்தினால்தான் பாதியாவது கேட்கும்!

இதைச் சொல்லி ரிங்கரைப் பொய்யர் என்று நிறுத்துவது என் நோக்கம் இல்லை. புதுப்பிப்பவர்களிடமே இதற்கு ஒரு தத்துவம் இருக்கிறது. 1903ல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானம் இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் துணி 1927ல் ஒருமுறை மாற்றப்பட்டது, 1985ல் இன்னொருமுறை. அந்த முதல் துணியின் ஒரு துண்டு 1969ல் ஆம்ஸ்ட்ராங்கோடு நிலாவுக்குப் போய் வந்தது. இப்போது அதன் மேல் இருப்பது கிட்டி ஹாக் காற்றைப் பார்க்காத துணி. ஆனாலும் யாரும் அதை வேறு விமானம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் எந்தத் துணி எப்போது மாறியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் சூட்சுமம். துணி மாற்றுவது குற்றமில்லை. மாற்றியதைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதுதான் சிக்கல். ரிங்கரின் உரையாடல்கள் புதுத் துணி என்று எனக்குப் படுகிறது. எலும்பு பழையது, சந்தேகமில்லை. பயணம் நடந்தது, அப்பா அப்படித்தான் இருந்தார். எது அன்று பேசியது, எது நாற்பதைத் தாண்டிய ஓர் எழுத்தாளர் தைத்தது என்று புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் காட்டுவதில்லை. மடிப்புக் கலையாத, பளபளவென்ற பூச்சு. படிக்க ஜோராக இருக்கிறது. அதனாலேயே சில இடங்களில் உள்ளே இருக்கும் குழாயைத் தட்டிப் பார்க்க முடியவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு விமானத்தின் அடையாளம் அதில் அறைந்திருக்கும் சின்ன உலோகத் தகடுதான். இஞ்சின் மாறலாம், இறக்கை மாறலாம், கூடே பாதிக்கு மேல் மாறலாம், தகடு இருந்தால் அது அதே விமானம். கப்பல் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பலா என்று கிரேக்கர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்விக்கு அதிகாரிகள் கண்ட விடை: தகடு எங்கே, காட்டு. நினைவுக்குறிப்புக்கு அந்தத் தகடு எது? என் வரைக்கும் இந்தப் புத்தகத்தில் அது அப்பாவின் மரக்கால். அவர் வரும் காட்சிகளில் மட்டும் எந்த மெருகும் ஒட்டுவதில்லை. அந்த வலி எழுதினவனுக்கு இன்னும் தீரவில்லை என்பது தெரிகிறது.

5

இதே காலத்து வேறு இரண்டு புத்தகங்களோடு வைத்துப் பார்க்கலாம்.

ரிச்சர்ட் பாக் எழுதிய 'பைப்ளேன்' 1966ல் வந்தது. 1929ல் செய்த இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வாங்கி, அதில் தேசத்தைக் குறுக்காகப் பறந்து கலிஃபோர்னியா போகிறார். பாக்குக்குப் பழசு என்றாலே புனிதம். விமானம் அவரிடம் ஆன்மிகம் பேசும், காலத்தைத் தாண்டிக் கூட்டிப்போகும். பழைய பொருளை இப்படிக் கும்பிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துருவைப் பார்க்க மாட்டார்கள்.

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974ல் வந்தது. அதில் ஓர் இடம். நண்பரின் பிஎம்டபிள்யூ பைக்கில் கைப்பிடி நழுவுகிறது. ஒரு பீர் கேனைக் கத்தரித்து அந்தத் தகட்டை இடுக்கில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்குக் கோபம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு பீர் கேனா? பழைய பைக்கைச் சரி செய்த அனுபவம் இருக்கிற யாரும் இந்தக் காட்சியில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒருவருக்குத் தகடு என்பது தகடு, இன்னொருவருக்கு அது கௌரவம். பிர்ஸிக் வேலையையே சிந்தனையாக்குகிறார். ஸ்பேனரைத் திருகும்போதே யோசிக்கிறார். ஆனால் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளையை அவருக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் குறைதான் அந்த நாவலின் துயரம்.

ரிங்கர் பக்கிடம் பாக்கின் பூசை குறைவு, பிர்ஸிக்கின் யோசனையும் குறைவு. அவரிடம் இருப்பது பிர்ஸிக்கிடம் இல்லாத ஒன்று: பின்சீட்டின் பார்வை. அங்கே தகப்பன் எழுதுகிறான், பிள்ளை மௌனமாக வருகிறான். இங்கே பிள்ளை எழுதுகிறான், தகப்பன் போனில் கத்துகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே குடும்பத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

6

பாராட்டு போதும். இந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அதில் யார் யார் கைகள் காணாமல் போகின்றன என்பது.

பதினோரு பிள்ளைகள் உள்ள வீடு. அம்மா என்ன நினைத்தார்? சகோதரிகளில் யாருக்காவது பறக்க ஆசை இருந்ததா? புத்தகம் அவர்களை ஓரமாகத்தான் வைக்கிறது. இத்தனைக்கும் துணி போர்த்திய விமானங்களின் சரித்திரமே பெண்களின் சரித்திரம். முதல் உலகப்போரிலும் சரி, இரண்டாவதிலும் சரி, விமானத் தொழிற்சாலைகளில் இறக்கைத் துணி தைத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இன்னும் பின்னால் போனால், 1900ல் கிட்டி ஹாக்கில் வில்பர் ரைட் தன் கிளைடரின் துணியைத் தைத்தது அந்த ஊர்ப் பெண்மணி ஆடி டேட்டின் தையல் மிஷினில். வேலை முடிந்து கைவிடப்பட்ட அந்தத் துணியில் அவர் தன் மகள்களுக்குக் கவுன் தைத்துப் போட்டார். விமானச் சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த புதுப்பித்தல் அந்தக் கவுன்கள்தான். ஆண் பிள்ளைகள் ஊசி பிடிக்கிற ஒரு புத்தகத்தில் இந்த நினைவு ஒருமுறையாவது எழுந்திருக்கலாம்.

இரண்டாவது, மெக்கானிக்கின் கை. சாதாரண ஆள் தன் விமானத்தில் பெரிய வேலை செய்யலாம், ஆனால் உரிமம் உள்ள மெக்கானிக் மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "பசங்களே கட்டிய விமானம்" என்று நாம் சொல்லும்போது அந்தக் கையெழுத்து மறைந்துவிடுகிறது. இரண்டு சிறுவர்களின் தையலை நம்பித் தன் பிழைப்பைப் பணயம் வைப்பதும் ஒரு துணிச்சல்தான். அதைப் பற்றி யாரும் சாகசக் கதை எழுதுவதில்லை.

மூன்றாவது, அந்த வருடம். 1966 இறுதியில் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் 3,80,000க்கும் மேல். கெர்னுக்கு அடுத்த பிறந்தநாளில் 18 ஆகும், கட்டாய ராணுவப் பதிவுக்கான வயது. இந்தப் புத்தகத்தை "கள்ளமில்லாத காலத்தின் கதை" என்று கொண்டாடுவது எனக்கு உறுத்துகிறது. ஒரே வயதுப் பையன்கள், ஒரு பக்கம் ஹெலிகாப்டரில், ஒரு பக்கம் கப்பில். அந்த வெள்ளந்தித்தனம் எல்லார் வீட்டுக்கும் கிடைக்கவில்லை. கொட்டகை, பக்கத்தில் விமானத்தளம், பறக்கத் தெரிந்த அப்பா, இதெல்லாம் இருந்த வீட்டுக்குக் கிடைத்தது.

7

கடைசியாக ஒரு கேள்வி. இன்று இதைப் படிப்பதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் இன்று பறக்கும் சிறு விமானங்களில் ஏராளமானவை பல பத்தாண்டுப் பழசு. அதற்குக் காரணம் காதல் மட்டுமில்லை. வழக்குகளும் காப்பீட்டுச் செலவும் கழுத்தை நெரித்து, 1986ல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் இஞ்சின் விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. 18 வருடத்துக்கு மேல் பழசான சிறு விமானத்துக்குத் தயாரிப்பாளர் மேல் பொதுவாக வழக்குப் போட முடியாது என்று 1994ல் சட்டம் வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தார்கள். நடுவில் ஜனங்கள் இருப்பதையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். சுழலும் கைரோ மீட்டர்களைக் கழற்றிவிட்டுத் திரை வைக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து பெரிய நகரங்களைச் சுற்றிய வான்பகுதியில் பறக்க, தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி கட்டாயம். மின்சார அமைப்பே இல்லாமல் பிறந்த கப் மாதிரி விமானங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு.

ஆக, பழைய விமானம் வைத்திருப்பவர் ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது, எதை மாற்றினால் இது வேறு விமானம் ஆகிவிடும். அந்த முடிவை அவர் தள்ளிப்போடவும் முடியாது. 12 மாதத்துக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றி முழுசாகச் சோதிக்காவிட்டால் பறக்க அனுமதி இல்லை. அப்பா அம்மாவைப் பற்றி நமக்கிருக்கும் ஞாபகங்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஒருமுறை பூசி மெழுகி முடித்துவிட்டால் சாகிற வரைக்கும் அதையே ஓட்டுகிறோம்.

ரிங்கர் பக் முப்பது வருடம் கழித்தாவது மூடியைக் கழற்றினார். உள்ளே துரு இருப்பதையும் பார்த்தார். சில இடத்தில் குழாயையே மாற்றினார், சில இடத்தில் பளபளவென்று பூசி விட்டுவிட்டார். எது எந்த இடம் என்று கண்டுபிடிப்பது வாசகர் வேலை. அதனால் இந்தப் புத்தகத்தை எடுப்பவர்கள் தயவுசெய்து கொட்டகைப் பக்கங்களை அவசரமாகத் தள்ளாதீர்கள். கலிஃபோர்னியா எங்கேயும் ஓடிப்போகாது. அந்தத் துணியில் எத்தனை முடிச்சு என்று கொஞ்சம் நின்று எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.